படம் பார்த்து மாறிய வீடுகள்

2010 ஜனவரியில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கடற்கரைச் சாலையில் ஒரு வீடு ஊர்ந்து போனது. பெரிய மர வீடு. அதை அடியோடு பெயர்த்துச் சக்கரங்களின் மேல் ஏற்றி, ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் இருந்த வேறொரு மனைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பழைய இடத்திலேயே விட்டிருந்தால் கடலோடு போயிருக்கும். அதன் மரக்கால்களுக்கு அடியில் அப்போதே அலை புகுந்து திரும்பிக்கொண்டிருந்தது.

ரோடாந்தே என்ற சின்ன ஊரில் 1988ல் கட்டிய வீடு அது. 'செரென்டிபிட்டி' என்று பெயர். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் கடற்கரை வீடுகளில் ஒன்று, அவ்வளவுதான். 2008ல் ரிச்சர்ட் கியரும் டயான் லேனும் நடித்த 'நைட்ஸ் இன் ரோடாந்தே' வந்த பிறகு அந்த வீடு ஊர் உலகத்துக்குத் தெரிந்த முகமாகிவிட்டது. வாழ்க்கையில் அடிபட்ட இரண்டு நடுவயதுக்காரர்கள், புயல் நெருங்கும் நேரத்தில், கடலை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியில் தனியாகச் சிக்கிக்கொண்டு காதல் வயப்படுகிறார்கள். அந்த விடுதியாக நடித்தது இந்த வீடு.

நடித்தது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நிஜத்தில் அது விடுதியே இல்லை. படத்தில் நாம் பார்க்கும் உள்ளறைகளும் அந்த வீட்டுக்குள் இல்லை. அவற்றை அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரத்து ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்தார்கள். ரோடாந்தே வீடு கொடுத்தது வெளித்தோற்றத்தையும் கடலையும் மட்டும். படம் வந்த மறு வருடமே அரிப்பு முற்றி, குடியிருக்க லாயக்கில்லை என்ற நிலைக்கு வீடு வந்தது. அப்போது அதை வாங்கி நகர்த்தியவர்கள், புது இடத்தில் நிறுத்தியதும் செய்த வேலைதான் என்னை யோசிக்க வைத்தது. உள்ளறைகளைப் படத்தில் இருப்பது போலவே திருத்தி அமைத்தார்கள். படத்தில் வரும் நீல அறை, அது எந்த வீட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்டதோ அந்த வீட்டுக்குள் அப்போதுதான் முதல் தடவையாக உண்டானது. பெயரும் 'இன் அட் ரோடாந்தே' ஆயிற்று.

வீட்டைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். அப்புறம் படத்தைப் பார்த்து வீட்டைத் திருத்தினார்கள். காதல் படங்களில் வந்த நிஜ வீடுகளின் கதையை ஒவ்வொன்றாகத் தேடிப் போனால், ஊரும் காலமும் வேறாக இருந்தாலும், இதே காரியம் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஷூட்டிங் முடிந்ததும் வீடு பழையபடி ஆகிவிடும் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிஜ வீடு ஒன்று கையில் இருக்கும்போது உள்ளறைக்கு எதற்குத் தனியாக செட்? பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அதில் கேமரா, அதன் ஸ்டாண்டு, விளக்குகள், மைக் பிடிப்பவர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், உதவியாளர்கள், இத்தனை பேருக்கும் நடுவில் காதலிக்க வேண்டிய இரண்டு பேர். காதல் காட்சியில் முகம்தான் எல்லாம். அவள் முகத்தை அவன் தோளுக்குப் பின்னாலிருந்தும், அவன் முகத்தை அவள் தோளுக்குப் பின்னாலிருந்தும் எடுக்க வேண்டும். கேமராவைப் பின்னால் தள்ள இடம் வேண்டும். நிஜ அறையில் பின்னால் இருப்பது சுவர். செட்டில் அந்தச் சுவரைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிடலாம். அப்புறம் சத்தம். பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருநாய், சொந்த வீட்டு ஃபிரிட்ஜின் முனகல் என்று எல்லாமே ஒலிப்பதிவில் ஏறும். கதையில் ஒரே ஒரு சாயங்காலம் நடக்கும் பேச்சை எட்டு நாள் எடுப்பார்கள். எட்டு நாளும் ஜன்னலில் அதே வெயில் விழ வேண்டும். செட்டில் வெயில் சொன்ன பேச்சைக் கேட்கும்.

வெளிப்புறம் அப்படி இல்லை. தெருவின் வளைவு, மரத்தின் வயது, பல வருடம் கால்பட்டுத் தேய்ந்த படிக்கல் இதெல்லாம் செட்டில் செய்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு உறுத்தும். அதனால் முகத்துக்கு நிஜ வீடு, உள்ளுக்கு ஸ்டூடியோ என்று பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். கதாநாயகி கதவைத் தள்ளும் கை ஒரு ஊரில் இருக்கும். அவள் உள்ளே வைக்கும் அடுத்த காலடி வேறு ஊரில், சில நேரம் சில மாதம் கழித்து விழும். கதவின் நிறம், கைப்பிடி, அவள் தோளில் தொங்கும் பை எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆள் இருப்பார்.

இதில் காதல் படத்துக்கு மட்டும் உரிய விஷயம் ஒன்று உண்டு. பேய்ப் படத்துக்கு வீட்டின் உள்ளே வேண்டும். காதல் படத்துக்கு வேண்டியது வீட்டின் விளிம்பு. வாசல்படி, ஜன்னல், பால்கனி, நம் ஊரில் மொட்டை மாடியும் மாடிப்படியும். போகலாமா நிற்கலாமா என்று தயங்கும் இடங்கள் இவை. வாடகைக்கு மாடி போர்ஷனில் குடியிருக்கும் பையனும் கீழ்வீட்டுப் பெண்ணும் மாடிப்படியில் எதிரெதிரே வரும் காட்சி நம் படங்களில் எத்தனை தடவை வந்திருக்கிறது! படம் பார்த்தவர் மனதில் பதிவதும் இந்த விளிம்புதான். பிறகு அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறவர் வெளியே தெருவில் நின்றே அதைப் பார்த்துவிடவும் முடிகிறது. எல்லாச் சங்கடமும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

லண்டன் வெஸ்ட்போர்ன் பார்க் ரோடு, 280ஆம் எண். 1999ல் வந்த 'நாட்டிங் ஹில்' படத்தில் ஹ்யூ கிரான்ட் குடியிருக்கும் வீட்டின் நீலக் கதவு இங்கேதான் இருந்தது. திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் கர்ட்டிஸின் சொந்த வீடு அது. கதவைத் திறந்தால் உள்ளே இருந்தது பழைய பிரார்த்தனைக் கூடம் ஒன்றை மாற்றிக் கட்டிய வசதியான வீடு. படத்தில் வரும் அந்த நெருக்கமான, துணியும் பாத்திரமும் இறைந்து கிடக்கும் வீடு ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் போட்ட செட்.

படத்தில் ஒரு காட்சி. சினிமா நட்சத்திரமான ஜூலியா ராபர்ட்ஸ் அந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார் என்று தெரிந்து, காலையில் பத்திரிகைக்காரர்கள் வாசலில் குவிந்துவிடுகிறார்கள். கதவைத் திறந்ததும் கேமரா வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. ஒரு சாதாரண ஆளின் வாசல் பொதுச்சொத்து ஆகிவிடும் வேதனையைச் சொல்ல எழுதிய காட்சி அது. படம் ஓடியதும் அதே வாசலில் அதே காட்சி நிஜமாக நடந்தது. உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் கேமராவோடு நின்றார்கள், கதவில் கிறுக்கினார்கள். கடைசியில் அந்தக் கதவைக் கழற்றி கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார்கள். அதன் இடத்தில் கறுப்புக் கதவு வந்தது. கறுப்பாக இருந்தாலும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் கதவு மறுபடியும் நீலமானது.

இந்த நிறமாற்றத்தில் ஒரு குடும்பத்தின் களைப்பு எனக்குத் தெரிகிறது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கலாம், வயதானவர் மருந்து சாப்பிட்டுப் படுத்திருக்கலாம். படியில் உட்கார்ந்து போட்டோ எடுப்பவருக்கு அது படத்தின் தொடர்ச்சி. உள்ளே இருப்பவருக்கு அது செவ்வாய்க்கிழமை மத்தியானம். 2025ல் அதே வட்டாரத்தில் சிலர், வெளிர் ரோஸும் வெளிர் மஞ்சளுமாக இருந்த தங்கள் வீட்டு முகப்புகளைக் கறுப்பாக அடித்துவிட்டார்கள். போட்டோ எடுக்க வரும் கூட்டத்தின் தொல்லை தாங்காமல் செய்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு ஒரு கதவில் நடந்தது இப்போது தெருவுக்குப் பரவியிருக்கிறது.

அந்தப் படத்தின் புத்தகக் கடையும் இதே வழியில்தான் போனது. ப்ளென்ஹைம் கிரெசன்ட் தெருவில் இருந்த பயணப் புத்தகக் கடை ஒன்றை மனதில் வைத்து எழுதியதுதான் கதையில் வரும் கடை. ஆனால் படமாக்கியது அங்கே இல்லை, போர்ட்டபெல்லோ ரோடு 142ஆம் எண்ணில் இருந்த பழம்பொருள் கடையில். பயணப் புத்தகக் கடை 2011ல் மூடப்பட்டது. பழம்பொருள் கடை இருந்த இடத்தில் இன்றைக்கு நினைவுப் பொருட்கள் விற்கிறார்கள். அதன் முகப்பில் பயணப் புத்தகக் கடை என்றே பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது.

இதெல்லாம் நம் காலத்துச் சுற்றுலாப் பைத்தியம் என்று தோன்றினால் வெரோனாவுக்குப் போக வேண்டும்.

இத்தாலியின் அந்த ஊரில் 'ஜூலியட் வீடு' என்று ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம், காப்பெல்லோ என்ற குடும்பத்தின் சொத்து. காப்பெல்லோ என்றால் தொப்பி. முற்றத்து வளைவில் கல்லில் செதுக்கிய தொப்பிச் சின்னம் இன்னும் இருக்கிறது. அந்தப் பெயர் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் காப்புலெட் குடும்பப் பெயரோடு ஒலியில் ஒத்துப்போகிறது. ஜூலியட்டோடு அந்த வீட்டுக்கு உள்ள உறவு இந்த ஒலி ஒற்றுமை மட்டும்தான். 1840களில் சார்லஸ் டிக்கன்ஸ் போய்ப் பார்த்தபோது அது பரிதாபமான ஒரு சிறு சத்திரமாக இருந்தது. 1905ல் நகராட்சி அதை வாங்கியது.

அப்போது அங்கே பால்கனி கிடையாது. நாடகத்தின் மூலப் பிரதியிலும் பால்கனி என்ற சொல்லே வராது. ஜூலியட் மேலே ஜன்னலில் தோன்றுகிறாள். பால்கனி மேடை வழக்கத்தில் பின்னால் சேர்ந்து, சினிமாவில் நிலைத்தது. 1936ல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் கூக்கர் இயக்கிய 'ரோமியோ அன்ட் ஜூலியட்' வந்தது. அந்தப் படம் ஸ்டூடியோ வளாகத்திலேயே வெரோனாவைக் கட்டி எடுத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் வெரோனா அருங்காட்சியகங்களின் இயக்குநர் அந்தோனியோ அவேனா நிஜ வெரோனாவில் அந்த வீட்டைத் திருத்தும் வேலையைத் தொடங்கினார். 1940 வாக்கில் வேலை முடிந்தபோது வீட்டுக்குக் கோதிக் பாணி ஜன்னல்கள் இருந்தன, முற்றத்தைப் பார்த்தபடி ஒரு பால்கனி இருந்தது. அந்தப் பால்கனியின் கைப்பிடிச் சுவர் ஒரு பழைய கல் சவப்பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியது. ரோமியோவைப் பார்த்து ஜூலியட் குனிந்த இடம் என்று இன்று லட்சக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்க்கும் கல், ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் உடலைச் சுமந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1968ல் ஃபிராங்கோ ஸெஃபிரெல்லி அதே நாடகத்தைப் படமாக்கினார். அவர் பால்கனிக் காட்சியை வெரோனாவில் எடுக்கவே இல்லை. ரோமுக்குத் தெற்கே ஆர்தேனா என்ற ஊரின் அரண்மனையில் எடுத்தார். ஆனால் அந்தப் படத்தில் பயன்படுத்திய கட்டிலும் உடைகளும் இன்று வெரோனா வீட்டுக்குள் காட்சிக்கு இருக்கின்றன. சீட்டு வாங்கி உள்ளே போகிறவர் பார்ப்பது ஜூலியட்டின் கட்டிலா என்று கேட்டால், ஆமாம், சினிமா ஜூலியட்டின் கட்டில்.

முற்றத்தில் ஜூலியட்டுக்கு ஒரு வெண்கலச் சிலை. அதன் வலது மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்று யாரோ கிளப்பிவிட, கோடிக்கணக்கான கை பட்டுப் பட்டு சிலையில் விரிசலே விழுந்துவிட்டது. 2014ல் மூலச் சிலையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, வெளியே நகலை நிறுத்தினார்கள். கற்பனைப் பெண் ஒருத்தியின் வீட்டில், அவள் சிலைக்கும் நகல். எனக்கு அந்தத் தேய்ந்த வெண்கலத்தை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அவள் நாடகத்தில் பதினான்கு வயது நிரம்பாத சிறுமி.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தைக் கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். ஜேன் ஆஸ்டின் நாவல்களில் காதலும் வீடும் பிரிக்க முடியாதவை. யாரைக் கட்டிக்கொள்வது என்பது எந்த வீட்டில் வாழ்வது என்பதும்தான். 'பிரைடு அன்ட் ப்ரெஜுடிஸ்' கதையில் எலிசபெத், டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்த பிறகுதான் அவன் மேல் அவள் மனம் இளகத் தொடங்குகிறது. 1995ல் பிபிசி அதைத் தொடராக எடுத்தபோது பெம்பர்லியின் வெளிப்புறம் செஷயரில் உள்ள லைம் பார்க். உள்ளறைகள் டெர்பிஷயரின் சட்பரி ஹால். டார்சியாக நடித்த காலின் ஃபர்த் குளத்தில் இறங்கி, நனைந்த சட்டையோடு நடந்து வரும் காட்சி நாவலில் இல்லாதது. ஆனாலும் அந்தக் குளத்தைப் பார்க்க லைம் பார்க்குக்குக் கூட்டம் பெருகியது. அது பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கும் இடம். கூட்டம் வந்தால் கூரையைச் செப்பனிடக் காசு வரும். 2005 திரைப்படத்தில் பெம்பர்லியாக வந்தது சாட்ஸ்வொர்த். அங்கே சிற்பக் கூடத்துக் காட்சிக்காக டார்சியாக நடித்த மேத்யூ மக்ஃபேடியனின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்து வைத்தார்கள். படம் முடிந்ததும் சிலை அங்கேயே தங்கிவிட்டது. பல தலைமுறை பிரபுக்கள் சேர்த்த சிற்பங்கள் உள்ள மாளிகையில், இல்லாத ஒரு மனிதனுக்கும் ஒரு பீடம். வேடிக்கை என்னவென்றால் ஆஸ்டின் தன் நாவலில் சாட்ஸ்வொர்த்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார், எலிசபெத் சுற்றிப் பார்க்கும் பக்கத்து இடங்களில் ஒன்றாக. பெம்பர்லி வேறு, அது வேறு என்று எழுதியவரே தெளிவாகச் சொல்லியும் பயனில்லை.

வீடே இல்லாத இடத்துக்கும் ஆட்கள் போகிறார்கள். 'தி ஹாலிடே' படத்தின் கல் குடிசை, சர்ரியில் ஷியர் கிராமத்துக்குப் பக்கத்தில் வெறும் வயலில் எழுப்பிய கூடு. எடுத்து முடித்ததும் பிரித்துவிட்டார்கள். 'தி லேக் ஹவுஸ்' படத்தின் கண்ணாடி வீடும் இலினாய் ஏரி ஒன்றில் கட்டிப் பிரித்ததுதான். இவற்றால் யாருக்கும் தொல்லை இல்லை.

கனமான விஷயம் வேறு இருக்கிறது. 2004ல் வந்த 'தி நோட்புக்' காதல் ரசிகர்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. அதில் கதாநாயகன் நோவா தன் கையாலேயே புதுப்பிக்கும் வீடு, தென் கரோலினாவின் வாட்மலா தீவில் உள்ள தனியார் வீடு. பாழடைந்த வீடாக முதலில் காட்ட வேண்டும் என்பதற்காக நல்ல வீட்டைப் படக்குழு பாழாக்கிக் காட்டியது. நோவா செய்த புதுப்பிப்பு உண்மையில் அவர்கள் பூசியதைக் கழுவியதுதான். அதே படத்தில் கதாநாயகி ஆலியின் பணக்காரக் குடும்பம் கோடைக்கு வந்து தங்கும் வீடு, சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பூன் ஹால் தோட்டம்.

பூன் ஹாலுக்குள் நுழையும் வழியில் இரு பக்கமும் ஓக் மரங்கள். 1743ல் நட்டவை. கிளைகள் மேலே கோத்துப் பந்தல் போட்டிருக்கும், பாசி தாடி தாடியாகத் தொங்கும். படத்தில் பார்க்கும்போது மனம் கரைகிறது. அந்த வழியின் ஓரத்திலேயே ஒன்பது சிறிய செங்கல் குடிசைகள் வரிசையாக நிற்கின்றன. அடிமைகள் குடியிருந்தவை. அந்தத் தோட்டத்தில் பருத்தி எடுத்ததும் சூளையில் செங்கல் அறுத்ததும் அவர்கள்தான். பெரிய மாளிகை 1936ல் கட்டியது. சிறிய குடிசைகள்தான் அதைவிடப் பழையவை. ஃபிரேமில் விழுவது மாளிகையும் மரங்களும். குடிசைகள் ஃபிரேமுக்கு வெளியே.

படத்துக்குப் பிறகு அது போன்ற தோட்ட வீடுகளில் கல்யாணம் செய்துகொள்ளும் மோகம் இன்னும் கூடியது. 2012ல் ஹாலிவுட் நட்சத்திரங்களான பிளேக் லைவ்லியும் ரயன் ரெனால்ட்ஸும் பூன் ஹாலில்தான் மணம் முடித்தார்கள். ஆழமாக வருந்துவதாக 2020ல் ரெனால்ட்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். 2019 டிசம்பரில் படங்கள் பகிரும் இணையதளமான பின்டரெஸ்ட் போன்ற நிறுவனங்கள், அடிமைத் தோட்டங்களைக் கல்யாண மண்டபமாகக் கொண்டாடும் விளம்பரங்களை ஊக்குவிப்பதில்லை என்று முடிவெடுத்தன. ஒரு காதல் படம் ஒரு வீட்டின் நினைவை எவ்வளவு தூரம் துடைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே வீட்டின் சுவரை யாரும் மாற்றவில்லை. வீட்டின் பொருளையே மாற்றினார்கள்.

இனி நம் பக்கம்.

தமிழ் சினிமாவில் காதல் வெகுகாலம் வாகினி, ஏவிஎம் போன்ற ஸ்டூடியோக்களின் அட்டை வீடுகளில்தான் நடந்தது. 1964ல் ஸ்ரீதர் 'காதலிக்க நேரமில்லை' குழுவை ஆழியாறு பக்கம் அழைத்துக்கொண்டு போனதும், 1977ல் பாரதிராஜா '16 வயதினிலே' படத்தோடு கிராமத்துத் தெருவில் இறங்கியதும் அந்தச் சுவர்களை உடைத்தன. அதற்கப்புறம் நம் படங்களுக்குப் பிடித்துப்போன நிஜ வீடு செட்டிநாட்டு வீடு. ஆஸ்டினின் இன்னொரு நாவலான 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவி ராஜீவ் மேனன் 2000ல் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில், அக்கா தங்கைகள் இழந்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பும் பெரிய வீடு செட்டிநாட்டு வீடுதான். இங்கிலாந்து மாளிகைக்கு ஈடாக நம் மண்ணில் ஒரு வீட்டைத் தேடினால் கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம்தான் போக வேண்டும். அந்தத் தேர்வு அவ்வளவு பொருத்தமானது.

ஒளிப்பதிவாளருக்கு இந்த வீடுகள் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. முகப்பில் நின்று பார்த்தால் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒவ்வொரு வாசலும் அடுத்ததன் நேர் கோட்டில் இருக்கும். கடைசியில் பின் தெருவின் வெளிச்சம் சின்னக் கட்டமாகத் தெரியும். ஒரு பெண் அங்கிருந்து நடந்து வந்தால் நிழலும் வெயிலும் மாறி மாறி அவள் மேல் விழும். நடுமுற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் வெளிச்சம் மேலிருந்து பரவலாக இறங்கும். அதைச் செயற்கையாகக் கொண்டுவர எத்தனையோ விளக்கு வேண்டும். கேமராவைப் பின்னால் தள்ளவும் இடம் தாராளம். லண்டனில் ஸ்டூடியோவுக்குப் போய்த் தீர்த்துக்கொண்ட பிரச்சினை இங்கே வீட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஆனால் அந்த வீட்டின் நிஜக் கதை படத்துக்குள் வருவதில்லை. தூண்களின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பணமும் பெரும்பகுதி அங்கிருந்துதான். இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார் நிறுவனங்களின் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது, பிறகு சுதந்திர பர்மா நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. வீட்டைக் கட்டிய வருமானம் நின்றுபோய், வீடு மட்டும் நின்றது. பூன் ஹாலும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கடன் வேறு, அடிமைத்தனம் வேறு. ஆனால் தேக்குத் தூணில் சாய்ந்து காதலி நிற்கும்போது தூணின் பின்னால் வேறொருவரின் வயலும் இருக்கிறது என்பதை அறிந்து பார்ப்பது நல்லது.

இன்று இந்த வீடுகளில் எவ்வளவோ இடிந்துவிட்டன. பிரித்தெடுத்த நிலைகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. 2014ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தன. படம் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் சென்னைப் புறநகர் வீட்டிலும் ஆத்தங்குடி கல் பதிக்கிறார்கள், முற்றம் மாதிரி ஒன்றை விட்டு மேலே கண்ணாடி போட்டு மூடுகிறார்கள். ஆத்தங்குடியில் அந்தக் கல்லை இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். பிறகு அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமென்ட்டும் கலந்து நிரப்பிக் காயவிட்டுத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். எடுத்துக் கண்ணாடியிலிருந்து பிரித்தால் கல்லின் முகம் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சினிமா ஆசையால் அந்தத் தொழிலுக்கு வேலை கிடைக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஷூட்டிங் வாடகையும் பல வீடுகளுக்கு உதவுகிறது. வெள்ளையடிக்க, ஓடு மாற்ற, காவலுக்கு ஆள் போட அந்தப் பணம் போகும். ஆனால் அங்கே வீட்டுக்காரர் என்று ஒருவர் கிடையாது. கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பமும் ஒரு புள்ளி. ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், சிங்கப்பூர், பெங்களூர், சென்னை என்று சிதறி இருப்பார்கள். எல்லோரும் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். கானாடுகாத்தான் பக்கம் அப்படி ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, காவல் பார்க்கும் பெரியவரிடம், "எத்தனை படம் எடுத்திருப்பாங்கய்யா?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு எண்ணுனா தம்பி" என்றவர், வளவில் ஒரு கதவைக் காட்டினார். வளவைச் சுற்றி வரிசையாகச் சின்ன அறைகள், ஆளுக்கொன்று. எல்லாம் பூட்டியிருந்தன, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பூட்டு. அவர் காட்டிய கதவின் பூட்டில் மட்டும் எண்ணெய் பளபளத்தது. அந்தப் புள்ளியின் பேத்திக்குக் கல்யாணமாம், வீட்டில் வைத்துச் செய்யப் போகிறார்களாம். "படத்துக்காரங்க வந்தா வளவோட சரி. அறையெல்லாம் இப்பத்தான் தொறப்பாங்க" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.